ஓடைக்குள் இறங்கிய எலக்ட்ரிக் சைக்கிள்

நெதர் காலோ
14 அக்டோபர், திங்கள்

அன்புள்ள ஹேசலுக்கு,

நீ நல்லபடியாக ஊஸ்டர் போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே நானும் உயிரோடுதான் இருக்கிறேன். வலது முழங்கால் மட்டும் சனிக்கிழமையிலிருந்து என்னோடு ஒத்துழைக்க மறுக்கிறது.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். உன் அம்மா இருந்திருந்தால் அதைச் சொல்லாமல் பேனாவைத் தொட விட்டிருக்கமாட்டாள். எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. இப்போது தயவுசெய்து வந்து அதை எடுத்துக்கொண்டு போ. கொட்டகையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தூக்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் நகரமாட்டேன் என்கிறது, இரண்டு தடவை அழுத்தினால் வேலிக்குள் கொண்டுபோய்த் தள்ளுகிறது. சைக்கிள் என்றால் மிதிக்க வேண்டும், கார் என்றால் ஓட்ட வேண்டும். இது இரண்டும் இல்லாத ஜாதி.

சனிக்கிழமை சைக்கிள் சவாரி நீ ஆசையோடு போட்ட திட்டம், குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன். அக்டோபரில் எல்லாப் பண்ணைக்காரனும் வேலி வெட்டி, முள்ளை நடுரோட்டில் போட்டு வைத்திருப்பான் என்று தெரிந்தவள் யாராவது பிரையர்ஸ் எல்ம் சந்து வழியாகப் போவாளா? இரண்டு டயரும் போயிற்று. நாற்பது நிமிடம் போயிற்று. அதனால் டன்ஹோப் பப்புக்குப் போய்ச் சேரும்போது இரண்டு மணி ஐந்து நிமிடம். அந்த அம்மாள் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். "ரெண்டு மணிக்கே அடுப்ப அணைச்சாச்சு கண்ணு. வேணும்னா சிப்ஸ் பாக்கெட்டு தரேன்." எழுபத்தெட்டு வயதுக்காரனைக் கண்ணு என்கிறாள், ஒரு கிண்ணம் சூப்புக்கு வழியில்லை. தேவாலய வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டு சிப்ஸ் தின்றதுதான் என் சனிக்கிழமை விருந்து.

அப்புறம் அந்த ஸ்டோக் ராபின் ஓடை. அதைப் பற்றி ஊரே பேசி முடித்துவிட்டது, நான் வேறு பேச வேண்டியதில்லை. சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது, அவ்வளவுதான் விஷயம். லெஸ் பஃப்டன் தன் டிராக்டரில் நம்மை ஏற்றும்போது, "என்ன ரெஜ், பைக்க குளிப்பாட்டக் கூட்டியாந்தியா? சோப்பு எங்க?" என்று கேட்டானே, அதை அவன் இன்னும் பத்து வருடத்துக்குக் கேட்பான்.

ஆக, சைக்கிள் வேண்டாம். எனக்குக் கார் இருக்கிறது. நவம்பர் ஒன்பதாம் தேதி பிறந்தநாள் வருகிறது, லைசன்ஸ் புதுப்பிக்கும் படிவமும் வந்துவிட்டது. டிக் போட்டு அனுப்பினால் இன்னும் மூன்று வருடம் யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. நாளை செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல பக்கத்து வீட்டு மேவிஸைக் கால் கட்டு மாற்ற லெம்ஸ்டர் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அன்புடன்,
அப்பா


ஊஸ்டர்
18 அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் நான் கத்தியிருந்தேன். இதில் கத்தக் கூடாது என்று இருக்கிறேன், எவ்வளவு தூரம் முடிகிறதென்று பார்க்கலாம்.

டயர் போனது என் தப்பு. பப்பில் சாப்பாடு கிடைக்காததும் என் தப்பு. மழையும் என் தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்பா, மழை என்று நீங்களே எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே சூரியன் கண்ணில் அடித்தது என்கிறீர்கள். தேவாலய வாசலில் ஆரம்பித்த மழை நாம் வீடு வந்து சேரும்வரை விடவில்லை. நான் உங்கள் பின்னாலேயே நனைந்துகொண்டு வந்தேன். எந்தச் சூரியன் அது?

அந்தப் பலகையைப் பற்றிக் கேட்கிறேன். சந்தின் நடுவில், கதவு அகலத்துக்கு, மஞ்சள் நிறத்தில் ஒரு பலகை. பக்கத்தில் இரண்டு சிவப்புக் கூம்பு. சாலை மூடப்பட்டது, நடைபாலம் அடித்துப் போய்விட்டது, ஆழமான தண்ணீர் என்று எழுதியிருந்தது. நீங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனீர்கள். நான் மூன்று தடவை கூப்பிட்டேன். தண்ணீர் உங்கள் இடுப்புக்கு வந்தது. உங்களைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, "பலகையப் பாக்கலயாப்பா?" என்று கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "அது ஏதோ பழைய துணி விக்கிற ஜம்பிள் சேல் விளம்பரம்னு நெனச்சேன்."

இன்னொன்றும் கேட்கிறேன். டன்ஹோப்புக்கு முன்னால், குதிரையில் ஒரு பெண் வந்தாள். பளபளக்கும் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். குதிரையைக் கண்டால் இருபது கெஜம் தள்ளியே வேகத்தைக் குறைத்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைப்பவர் நீங்கள். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது முதலில் கற்றுக்கொடுத்ததே அதைத்தான். அன்றைக்கு நீங்கள் குறைக்கவே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் உரசிக்கொண்டு போனீர்கள். குதிரை மிரண்டு வேலியில் சாய்ந்தது. "கண்ணு தெரியலயாய்யா உனக்கு?" என்று அவள் கத்தினாள். நீங்கள் "திமிர் புடிச்சவ" என்று முணுமுணுத்தீர்கள். நான் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

அவள் கோபத்தில் கேட்டதை நான் இப்போது நிஜமாகவே கேட்கிறேன். கண் தெரியவில்லையா அப்பா?

படிவத்தில் டிக் போட வேண்டாம். கண் டாக்டரைப் பார்த்த பிறகு போடுங்கள். உங்கள் வயதுக்குப் பரிசோதனை இலவசம். நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன், சேர்ந்தே போகலாம். தொலைபேசியில் கேட்டால் காது கேட்கவில்லை என்று வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

முழங்காலுக்கு ஐஸ் வையுங்கள். சூடு வைக்காதீர்கள்.

அன்பு மகள்,
ஹேசல்


நெதர் காலோ
22 அக்டோபர்

ஹேசலுக்கு,

சூரியன் மேகத்துக்குப் பின்னால் இருந்தாலும் கண் கூசும். அது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ நாள் முழுக்க ஒரு அலுவலகத்தில் டியூப்லைட்டுக்கு அடியில் இருக்கிறாய்.

முப்பத்து நான்கு வருடம் பால் டாங்கர் ஓட்டியவன் நான். நீ சொல்லும் அந்த ஒவ்வொரு சந்திலும், பனியிலும் இருட்டிலும், முழு டாங்கரோடு பின்னோக்கியே போயிருக்கிறேன். ஒரு கீறல் கிடையாது. தபால் நிலையத்துச் சுவரை நீ சொல்வாய் என்று தெரியும். அந்தச் சுவர் முதலிலிருந்தே கோணல்.

நான் பலகையைப் படித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன் இல்லை. எந்தத் திருப்பத்தில் எந்தக் கிராமம் வரும் என்று என் உடம்புக்கே தெரியும். யாரோ ஒரு கவுன்சில்காரன் நேற்று வந்து ஒரு மஞ்சள் தகரத்தை வைத்தால் அது என் குற்றமா?

நீ என்ன கேட்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா? இங்கே வாரத்துக்கு இரண்டு பஸ். செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று. வெள்ளிக்கிழமை பஸ் கோடையில்தான் வரும். டாக்டர் ஏழு மைல். ரொட்டி ஐந்து மைல். நீ கதவைத் திறந்தால் பஸ் நிற்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, லைசன்ஸைக் கொடுத்துவிடு என்று எழுதுகிறாய். அது போனால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். முதலில் கார் போகும். அப்புறம், "அப்பா, தனியா எப்படி சமாளிப்பீங்க" என்று நீ ஆரம்பிப்பாய். அப்புறம் வீடு போகும். டெட் லாயிடை அவன் பிள்ளைகள் கொண்டுபோய் விட்டார்களே, அந்த முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்திருக்கிறாயா? மீன் தொட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி. காலையிலிருந்து ராத்திரி வரை மீன். எனக்கு அது பயமாக இருக்கிறது ஹேசல். சொல்லிவிட்டேன். இதற்கு மேல் கேட்காதே.

மேவிஸை யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று யோசித்தாயா? அவளுக்குக் கால் புண். எண்பத்தொரு வயது. என்னை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

ஐஸ் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அப்பா


ஊஸ்டர்
28 அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

மீன் தொட்டி இல்லை. எந்தக் காலத்திலும் இல்லை. அதைக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பயமாக இருக்கிறது என்று எழுதும்போது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரியும். படித்துவிட்டு அழுதேன். அழுதும் கோபம் போகவில்லை.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த சைக்கிளை நான் உங்கள் பொழுதுபோக்குக்காக வாங்கவில்லை. தபால் நிலையத்துச் சுவரை நீங்கள் இடித்த அன்றைக்கே முடிவு செய்தேன். சைக்கிள் பழகிவிட்டால் நீங்களாகவே காரை விட்டுவிடுவீர்கள், நான் வாய் திறந்து கேட்க வேண்டியதே இருக்காது என்று கணக்குப் போட்டேன். நேராகச் சொல்லத் துணிச்சல் இல்லாமல் சுற்றி வளைத்தேன். கடைசியில் கண் தெரியாத மனிதரை நானே இரண்டு சக்கரத்தில் ஏற்றி, ஒரு நாள் முழுக்க ஊர் ஊராக விரட்டியிருக்கிறேன். அந்த ஓடையில் வெள்ளம் இன்னும் ஒரு அடி அதிகம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அந்தப் படிவத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. கண் தெரிகிறதா என்று உங்களையே கேட்பார்கள், தெரிகிறது என்று நீங்களே டிக் போடுவீர்கள், அவர்கள் அட்டையை அனுப்பிவிடுவார்கள். உங்கள் நேர்மையை நம்பித்தான் அந்தக் கட்டத்தை வைத்திருக்கிறார்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த நேர்மையான மனிதர் நீங்கள்தான். பக்கத்துத் தோட்டத்து ஆப்பிள் நம் பக்கம் விழுந்தால் கூடையில் போட்டுத் திருப்பிக் கொடுப்பவர்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். லெஸ்ஸின் வேனை வாசலில் நிறுத்தச் சொல்லி, இருபது மீட்டர் தள்ளி நின்று நம்பர் பிளேட்டைப் படியுங்கள். படிக்க முடிந்தால் நான் இதுவரை எழுதிய எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். முடியாவிட்டால் டிக் போடாதீர்கள். பரிசோதனை இல்லாமல் போட்டால், லைசன்ஸ் அலுவலகத்துக்கு நானே எழுதுவேன். மிரட்டல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

மேவிஸ் ஆன்ட்டிக்கு வண்டி ஏற்பாடு செய்ய ஆயிரம் வழி இருக்கிறது. அவரைக் காரணம் காட்டாதீர்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் உங்கள் முன்சீட்டில் அவர் உயிரும்தான் உட்கார்ந்து போகிறது.

அன்பு மகள்,
ஹேசல்


நெதர் காலோ
4 நவம்பர்

ஹேசலுக்கு,

படிவம் போயாயிற்று. டிக் போட்டு, கையெழுத்துப் போட்டு, தபால்காரனிடம் என் கையாலேயே கொடுத்தேன்.

சனிக்கிழமை பிறந்தநாளுக்கு நீ வர வேண்டாம். மேவிஸ் கேக் செய்கிறாள். அது போதும்.

ஆர். பார்டோ


ஊஸ்டர்
12 நவம்பர்

அப்பா,

இந்தக் கடிதம் கனமாக இருக்கும். மொத்தம் பதினெட்டுத் தாள். ஒவ்வொரு எழுத்தும் தடிமனான கறுப்பு மார்க்கரால், கட்டைவிரல் நக உயரத்துக்கு எழுதியிருக்கிறேன். ஒரு தாளில் சில வரிகள்தான் பிடிக்கின்றன. இது உங்களுக்கு மட்டும். மேவிஸ் ஆன்ட்டியிடம் கொடுக்காதீர்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நீங்களே படியுங்கள். அவசரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் எனக்குப் போன் செய்தார். "ஹேசல், நான்தாம்மா மேவிஸ். உங்கப்பா கொட்டகைல இருக்காரு, சீக்கிரம் சொல்லிடறேன். நீ எழுதற லெட்டர் எல்லாம் நான்தாண்டி படிச்சுக் காட்டறேன். ரெண்டு வருசமாச்சு. போன லெட்டர்ல என் உசுரும் முன்சீட்டுல உக்காந்து போவுதுன்னு எழுதியிருந்தியே, அத என் வாயாலயே படிச்சேன். படிச்சதுலேர்ந்து சோறு எறங்கல."

கால் புண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது ஆறிப் போயி ஒரு வருசம் ஆச்சு. நான் கட்டு மாத்தவா போறேன்? நான்தான் உங்கப்பாவுக்குக் கண்ணு. 'செவப்பு, ரெஜ்'னு சொல்லுவேன், நிறுத்துவாரு. 'லாரி வருது, ஒதுங்கு'ம்பேன், ஒதுங்குவாரு. காலும் கையும் அவரோடது, பார்வை என்னோடது. ரெண்டு பேரும் நல்லாத்தான் ஓட்டிட்டிருந்தோம். போன செவ்வாக்கெழம எனக்கு ஒரு தும்மல் வந்துச்சு. ஒரே ஒரு தும்மல்தான். கண்ணத் தொறந்தா, கோடு போட்ட இடத்துல ஒரு பொம்பள கொழந்தத் தள்ளுவண்டியோட நிக்கிறா. பம்பருக்கும் அவளுக்கும் ஒரு முழம் இல்ல. நான் கத்துன கத்துல அவரு பிரேக்க மிதிச்சாரு. 'என்னடி, எலியா?'ன்னு கேக்குறாரு. அவருக்கு இன்னும் தெரியாது. நான் எலின்னே சொல்லிட்டேன்."

அப்பா, அது எலி இல்லை.

அவரைத் திட்டாதீர்கள். உங்களுக்காக இரண்டு வருடம் பொய் சொன்னவர், உங்களுக்காகத்தான் உண்மையையும் சொன்னார். எனக்கு ஆத்திரம் உங்கள் மேல்தான். என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொன்னீர்களே என்று. சொல்லியிருந்தால் நான் உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கமாட்டேனா? ஒருவேளை மீன் தொட்டிக்கு எதிரே உட்கார வைத்துவிடுவேன் என்று நினைத்தீர்களா? அப்படி நினைக்கிற அளவுக்கு நான் எப்போது நடந்துகொண்டேன் என்று இரவெல்லாம் தேடினேன். சுற்றி வளைத்து சைக்கிள் வாங்கியவள்தானே நான், நீங்களும் சுற்றி வளைத்தீர்கள்.

இப்போது சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

நேற்று லைசன்ஸ் அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். என் பெயரைப் போட்டுத்தான் எழுதினேன். வேறு யாரோ செய்தார்கள் என்று நீங்கள் ஊரில் ஒவ்வொரு முகமாகச் சந்தேகப்படக் கூடாது. நான் செய்தேன். உங்களுக்கு எதிராக நான் செய்த ஒரே காரியம் இதுதான். மறுபடியும் செய்ய வேண்டி வந்தால் மறுபடியும் செய்வேன்.

ஹேசல்


நெதர் காலோ
3 டிசம்பர்

ஹேசலுக்கு,

உன் பதினெட்டுத் தாளையும் நானே படித்தேன். ஜன்னல் ஓரம், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, ஒரு முழு நாள் ஆயிற்று. நேராகப் பார்த்தால் எழுத்து மறைந்துவிடுகிறது. தலையைச் சாய்த்துக் கண்ணின் ஓரத்தால் பார்த்தால் வருகிறது. ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது. தள்ளுவண்டியோடு நின்றவளிடம் வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டேன். இருட்டுவதற்குள் திரும்பி வந்து மீதியைப் படித்தேன்.

பதினாறாவது தாளில், நீ அவர்களுக்கு எழுதிவிட்டதாகச் சொன்ன வரியை நான்கு தடவை படித்தேன். தப்பாகப் படித்திருப்பேன் என்று ஆசைப்பட்டேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் லெம்ஸ்டர் போய்க் கண்ணைக் காட்டினேன். நடுப்பார்வை போய்விட்டதாம், ஓரப்பார்வை இருக்குமாம். திரும்ப வராது என்று அந்தக் கண் டாக்டர் பெண் சொன்னாள். நல்ல பெண், மெதுவாகச் சொன்னாள். நீங்க எப்போலேர்ந்து கார் ஓட்டறத நிறுத்தினீங்க என்று கேட்டாள். இன்னையிலேர்ந்து என்றேன். அதை அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

லைசன்ஸ் அட்டையை உறையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். காரை லெஸ்ஸின் மகள் ஓட்டிக்கொண்டு போனாள். மேவிஸும் நானும் வாசலில் நின்றோம். வழக்கம் விடாமல், "கேட்டத் தாண்டிட்டா, ரெஜ். இடது பக்கம் திரும்பிட்டா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளை நான் திட்டவில்லை. எலி என்றாளே, அதற்கு மட்டும் ஒரு வார்த்தை கேட்டேன்.

இது சமாதானக் கடிதம் என்று நினைத்துவிடாதே. எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. நீ செய்தது சரி என்று தெரிந்தும் இருக்கிறது. அதனால்தான் அது போகமாட்டேன் என்கிறது. தப்பு செய்தவள் மேல் என்றால் ஒரு வாரத்தில் போயிருக்கும். கிறிஸ்துமஸுக்கு நீ வந்தால் நான் பேசுவேனா, தெரியாது. சமையலறையில் நீ இருக்க, கொட்டகையில் நான் இருக்க, அப்படியே போய்விடும் என்று நினைக்கிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ஆனால் எழுது. இதே தடிமனில், இதே உயரத்தில் எழுது. எத்தனை தாள் ஆனாலும் பரவாயில்லை, எனக்கு வேறு வேலை இல்லை. உன் கடிதத்தை இனிமேல் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லமாட்டேன்.

அப்பா